இளம் பருவத்தில் புகைப்பழக்கம்: உடல்திறனுக்கும் இதயத்திற்கும் ஏற்படும் இழப்பு

புகையிலையின் தீங்கு பற்றிப் பேசும்போது முதலில் நினைவுக்கு வருவது புற்றுநோயே ஆகும். சிகரெட், பீடி முதலிய புகையிலைப் பொருள்களின் உறைகளில், முன்புறமும் பின்புறமும் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படமும் வாசகமும் இடம்பெற வேண்டும் என்ற விதி 2016 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்தப் படங்கள் அச்சமூட்டுபவை. அவை கூறுவது உண்மையும் ஆகும். ஆயினும், பதினைந்து வயது மாணவருக்கு ஐம்பது வயது என்பது யாரோ ஒருவருடைய வயதாகவே தோன்றுகிறது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் வரக்கூடிய நோயைச் சொல்லி அவரைத் தடுத்துவிட முடியும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆனால் புகைப்பழக்கம் விளைவிக்கும் இழப்புகளுள் சில முப்பது ஆண்டுகள் காத்திருப்பதில்லை. நாடித் துடிப்பில் அவை அன்றே தெரிகின்றன; மூச்சிலும் உடலின் தாக்குப்பிடிக்கும் ஆற்றலிலும் சில மாதங்களில் தெரிகின்றன. பள்ளி விளையாட்டுத் திடலில், ஒரு கடிகாரத்தைக் கொண்டே அவற்றை அளந்துவிடலாம். வளரும் பருவத்தில் புகை உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை மாணவர்களும், அவர்களுக்குப் பொறுப்பானவர்களும் அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

பழக்கம் தொடங்கும் வயது

நம் நாட்டுப் பள்ளி மாணவர்களிடையே புகையிலைப் பயன்பாடு பற்றிய நான்காவது தேசிய ஆய்வு 2019-ல் நடைபெற்றது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் சார்பில், மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இதனை மேற்கொண்டது. 13 முதல் 15 வயது வரையிலான மாணவர்களில் 8.5 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்தி வந்தனர். மாணவர்களில் இது 9.6 சதவீதமும் மாணவிகளில் 7.4 சதவீதமும் ஆகும். புகைப்போர் 7.3 சதவீதம், மெல்லும் புகையிலை முதலியவற்றைப் பயன்படுத்துவோர் 4.1 சதவீதம். இரண்டையும் பயன்படுத்துவோரும் உண்டு.

2003-ஆம் ஆண்டுடன் ஒப்பிடும்போது, இந்த வயதினரிடையே புகையிலைப் பயன்பாடு 42 சதவீதம் குறைந்துள்ளது. இது ஆறுதல் அளிக்கும் செய்தியே. ஆனால் அதே ஆய்வு கவலைக்குரிய மற்றொரு செய்தியையும் கூறுகிறது. சிகரெட்டை எப்போதேனும் புகைத்துப் பார்த்தவர்களுள் 38 சதவீதத்தினரும், பீடியைப் புகைத்துப் பார்த்தவர்களுள் 47 சதவீதத்தினரும் பத்து வயது நிறைவடையும் முன்னரே அதனைத் தொடங்கியவர்கள்.

மாநிலங்களுக்கிடையே காணப்படும் வேறுபாடும் கருதத்தக்கது. அருணாசலப் பிரதேசத்திலும் மிசோரத்திலும் இந்த வயது மாணவர்களில் சுமார் 58 சதவீதத்தினர் புகையிலையைப் பயன்படுத்தினர். இமாசலப் பிரதேசத்திலும் கர்நாடகத்திலும் அது சுமார் 1 சதவீதமாகவே இருந்தது. எல்லா மாநிலங்களிலும் இளமை ஒன்றே. அவ்வாறிருக்க இவ்வளவு பெரிய வேற்றுமை காணப்படுமாயின், இப்பழக்கம் வயதின் இயல்பு அன்று என்பது தெளிவு. வீட்டுப் பெரியவர்களின் வழக்கம், பொருள் கிடைக்கும் எளிமை, சட்டம் செயல்படும் விதம் ஆகிய சூழ்நிலைகளே அதனைத் தீர்மானிக்கின்றன.

வயது வந்தோர் நிலையும் இதனோடு தொடர்புடையதே. 2016-17-ல் நடைபெற்ற தேசிய ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 28.6 சதவீதத்தினர், அதாவது சுமார் 26 கோடியே 70 லட்சம் பேர், புகையிலையைப் பயன்படுத்தினர். இவர்களுள் மிகப் பலர் பழக்கத்தை இளமையிலேயே தொடங்கியவர்கள். அமெரிக்காவில் நாள்தோறும் புகைக்கும் பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் 18 வயதுக்குள் முதல் சிகரெட்டைப் புகைத்தவர்கள் என்று கண்டறியப்பட்டுள்ளது. மனித மூளை சுமார் 25 வயது வரை வளர்ச்சி பெறுகிறது. அந்த வளர்ச்சிக் காலத்தில் நிக்கோட்டினுக்கு ஆட்படும் மூளை, பெரியவர்களின் மூளையைவிட விரைவாக அடிமைப்படுகிறது. எனவே, காக்கப்பட வேண்டிய காலம் பள்ளிப் பருவமே ஆகும்.

புகைக்குள் இருப்பவை

புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. உடல்திறனையும் இதயத்தையும் பொறுத்தவரை, அவற்றுள் மூன்று வகைகளை முதன்மையாகக் கொள்ளலாம். அவை நிக்கோட்டின், கார்பன் மோனாக்சைடு, நுண்துகள்களும் அவற்றுடன் வரும் அரிப்புப் பொருள்களும் ஆகும்.

நிக்கோட்டின், புகையை உள்ளிழுத்த சில வினாடிகளில் மூளையை அடைகிறது. அது அட்ரினலின் போன்ற சுரப்புகளைத் தூண்டுகிறது. அதன் விளைவாக இதயத் துடிப்பு விரைவடைகிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அச்சமோ அவசரமோ ஏற்படும்போது உடல் கொள்ளும் நிலை இதுவே. புகைப்பவர் காரணமின்றி நாளொன்றுக்குப் பல முறை தம் இதயத்தை அந்நிலைக்கு உட்படுத்துகிறார்.

கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு. இரத்தச் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் நுரையீரலில் பிராணவாயுவைப் பெற்று உடலெங்கும் கொண்டு சேர்க்கிறது. ஆனால் கார்பன் மோனாக்சைடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் அதிகமான பற்றுடன் ஹீமோகுளோபினோடு இணைந்துகொள்கிறது. பேருந்தில் பயணிகளுக்கு உரிய இருக்கைகளை வேறு ஒருவர் முன்னரே பிடித்துக்கொண்டு இறங்க மறுப்பதற்கு இதனை ஒப்பிடலாம். வண்டி ஓடுகிறது, ஆனால் செல்ல வேண்டியவர் செல்வதில்லை. மேலும், எஞ்சியுள்ள பிராணவாயுவையும் தசைகளுக்கு எளிதில் விட்டுக்கொடுக்காதபடி அது ஹீமோகுளோபினை மாற்றிவிடுகிறது. இந்த வாயு இரத்தத்தில் பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். காலையில் பள்ளிக்கு வரும் வழியில் புகைத்த மாணவர், பிற்பகலில் திடலில் இறங்கும்போதும் அதன் ஒரு பகுதியைத் தம் இரத்தத்தில் சுமந்துகொண்டே ஓடுகிறார்.

இவ்விரண்டும் சேர்ந்து இதயத்தை இருபுறமும் நெருக்குகின்றன. நிக்கோட்டின் இதயத்தின் வேலையையும், எனவே அதன் பிராணவாயுத் தேவையையும், கூட்டுகிறது. கார்பன் மோனாக்சைடு பிராணவாயுவின் வரவைக் குறைக்கிறது. வண்டியில் சுமையை ஏற்றிக்கொண்டே மாட்டுக்குத் தீவனத்தைக் குறைப்பது போன்ற நிலை இது.

பீடி மென்மையானதா?

பீடியில் புகையிலை குறைவு. எனவே தீங்கும் குறைவு என்ற எண்ணம் நம் நாட்டில் பரவலாக உள்ளது. பீடியில் புகையிலையின் அளவு குறைவு என்பது உண்மையே. ஆனால் அது சுற்றப்படும் தெந்து இலை, சிகரெட்டுத் தாளைப் போலக் காற்றை எளிதில் உள்ளே விடுவதில்லை. பீடி அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியுள்ளது. இதனால் உடலுக்குள் செல்லும் நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் குறைவாக இருப்பதில்லை. பெரும்பாலும் மிகுதியாகவே உள்ளன. 52 நாடுகளில் மாரடைப்பின் காரணங்களை ஆராய்ந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், பீடி புகைப்பவர்களுக்கு மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு புகைக்காதவர்களைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எனக் கண்டறியப்பட்டது. 2008-ல் வெளியான இந்திய ஆய்வொன்றின்படி, பீடி புகைக்கும் ஆண்கள் சராசரியாகச் சுமார் 6 ஆண்டுகளும், பீடி புகைக்கும் பெண்கள் 8 ஆண்டுகளும், சிகரெட் புகைக்கும் ஆண்கள் 10 ஆண்டுகளும் ஆயுளை இழக்கின்றனர்.

ஓட்டத் திடல் தரும் சான்று

நீண்ட தூரம் ஓடுதல், நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல், கபடி, கால்பந்து போன்ற விளையாட்டுகள் ஆகியவற்றில் தாக்குப்பிடிக்கும் ஆற்றலே வெற்றியைத் தீர்மானிக்கிறது. உடல் ஒரு நிமிடத்தில் அதிக அளவாக எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்த இயலும் என்பதே இந்த ஆற்றலின் முதன்மையான அளவுகோல். இதனை நிர்ணயிப்பவை நுரையீரல், இரத்தம், இதயம், தசைகள் என்னும் நான்கு கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி. புகைப்பழக்கம் இவற்றுள் ஒன்றை மட்டும் தாக்குவதில்லை. மூச்சுக்குழல்கள் குறுகுவதால் காற்று உள்ளே செல்வது தடைப்படுகிறது. இரத்தத்தின் சுமக்கும் திறன் குறைகிறது. இதயம் ஓய்விலேயே விரைந்து துடிப்பதால், உழைப்பின்போது மேலும் உயர்த்துவதற்கான இடைவெளி சுருங்குகிறது. தசைகளுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் சுருங்கிவிடுகின்றன.

இதனை மெய்ப்பிக்கும் ஆய்வுகள் பல உள்ளன. 1968-ல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பரும் அவருடைய துணைவர்களும் நானூறுக்கும் மேற்பட்ட இளம் விமானப்படையினரை 12 நிமிடம் ஓடச்செய்து, அவர்கள் கடந்த தூரத்தை அளந்தனர். நாள்தோறும் புகைத்த சிகரெட்டுகளின் எண்ணிக்கையும், புகைத்து வந்த ஆண்டுகளும் கூடக்கூட, ஓடிய தூரம் குறைந்தது. 1988-ல் சுவிட்சர்லாந்தில் இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்ட, 19 வயதுடைய ஏறத்தாழ 6,500 இளைஞர்களைப் பற்றிய ஆய்வு வெளியானது. அதிலும் 12 நிமிட ஓட்டமே அளவுகோல், முடிவும் அதுவே. இவர்கள் நோயாளிகள் அல்லர், முதியவர்களும் அல்லர். உடல்நலத்துடன் வளர்ந்து, வாழ்வின் மிகுந்த வலிமையுள்ள வயதில் நின்றவர்கள். இருந்தும், சில ஆண்டுகள் மட்டுமே நீடித்த பழக்கம் அவர்களுடைய ஓட்டத்தில் தெரிந்தது.

ஓய்வு நிலை நாடித் துடிப்பும் இதே உண்மையைக் கூறுகிறது. புகைக்கும் இளைஞர்களின் இதயம், ஓய்வாக இருக்கும்போதே, புகைக்காதவர்களின் இதயத்தைவிட நிமிடத்திற்கு 2 அல்லது 3 முறை அதிகமாகத் துடிக்கிறது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 1994-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இரண்டு துடிப்பு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் நாளொன்றுக்கு 1,440 நிமிடங்கள். நிமிடத்திற்கு இரண்டு துடிப்பு கூடினால் நாளொன்றுக்கு 2,880 துடிப்பு. ஆண்டொன்றுக்குப் பத்து லட்சத்திற்கும் மேல். எந்தப் பயனும் இன்றி இதயம் செய்யும் கூடுதல் வேலை இது.

நம் நாட்டில் இது பதக்கங்களைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. கேலோ இந்தியா திட்டத்தின்கீழ்ப் பள்ளி மாணவர்களின் உடல்திறனை மதிப்பிடும் சோதனைகளில் 600 மீட்டர் ஓட்டமும் ஒன்று. தரைப்படை ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம் இடம்பெறுகிறது. மாநிலக் காவல்துறை, துணை இராணுவப் படைகள், தீயணைப்புத் துறை ஆகியவற்றின் தேர்வுகளிலும் ஓட்டம் உண்டு. சிற்றூர்களிலிருந்து வரும் இளைஞர் பலருக்கு நிலையான அரசுப் பணிக்கான வாயில் அந்த ஓட்டமே. அங்கே தேர்ச்சிக்கும் தோல்விக்கும் இடையே இருப்பது சில வினாடிகள். எழுத்துத் தேர்வுக்கு இரவு பகலாகப் படிக்கும் ஓர் இளைஞர், நண்பர்களோடு தேநீர்க் கடையில் பற்றவைக்கும் சிகரெட்டினால் அந்த வினாடிகளை இழக்கக் கூடும் என்பதை அவருக்கு யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வளர்ச்சி தடைப்படும் நுரையீரல்

பெரியவர் ஒருவர் புகைக்கும்போது முழு வளர்ச்சி அடைந்த நுரையீரல் தேய்கிறது. பதின்வயதினர் புகைக்கும்போது, நுரையீரல் முழு வளர்ச்சியை எட்டுவதற்கே தடை ஏற்படுகிறது. நுரையீரலின் கொள்ளளவு பெண்களில் பதின்வயதின் இறுதி வரையிலும், ஆண்களில் இருபதுகளின் தொடக்கம் வரையிலும் பெருகுகிறது. பின்னர் வாழ்நாள் முழுவதும் அது சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வரும். இளமையில் சேமித்த கொள்ளளவே முதுமைக்கான வைப்புநிதி.

அமெரிக்காவின் ஆறு நகரங்களில் 1974 முதல் 1989 வரை, 10 முதல் 18 வயதுக்குட்பட்ட பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரின் நுரையீரல் செயல்பாடு ஆண்டுதோறும் அளக்கப்பட்டது. 1996-ல் வெளியான முடிவுகளின்படி, நாளொன்றுக்கு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிகரெட்டுகளைப் புகைத்தவர்களிடம் நுரையீரல் வளர்ச்சி வேகம் குறைந்திருந்தது. இந்தப் பாதிப்பு சிறுவர்களைவிடச் சிறுமியரிடம் மிகுதியாகக் காணப்பட்டது. மாணவிகளிடையே புகையிலைப் பயன்பாடு மாணவர்களின் அளவை நெருங்கி நிற்கும் நம் நாட்டில், இம்முடிவு தனிக் கவனத்திற்கு உரியது.

மூச்சுக்குழல்களின் உட்புறத்தில் நுண்ணிய மயிரிழைகள் உள்ளன. அவை இடைவிடாது அசைந்து, தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளி நுரையீரலைத் தூய்மையாக வைத்திருக்கின்றன. புகை இந்த இழைகளின் அசைவை முடக்குகிறது. சளிச் சுரப்பை மிகுதியாக்குகிறது. காலையில் வரும் இருமல், மாடிப்படி ஏறும்போது இளைப்பு, அடிக்கடி வரும் நெஞ்சுச் சளி ஆகியவை இதன் அறிகுறிகள். புகைக்கும் பதின்வயதினர், புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாக மூச்சுத் திணறலுக்கு உள்ளாகின்றனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளிடம் நிலைமை மேலும் மோசமாகிறது.

இளம் குழாய்களில் தொடங்கும் நோய்

மாரடைப்பு நடுத்தர வயதில் வரும் நோய் என்று கருதப்படுகிறது. ஆனால் அதற்கான அடித்தளம் இளமையிலேயே இடப்படுகிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவரை மிக மெல்லிய உயிரணுப் படலம் ஒன்று மூடியுள்ளது. தேவைக்கேற்பக் குழாயை விரியச் செய்வதும், உள்ளே இரத்தம் உறையாமல் காப்பதும் அதன் பணி. புகையிலுள்ள நச்சுப்பொருள்கள் இப்படலத்தைப் புண்படுத்துகின்றன. நோய்க்குறி எதுவும் இல்லாத இளைஞர்களிடமும், புகைப்பழக்கம் உள்ளவர்களின் தமனிகள் இயல்பான அளவுக்கு விரிவதில்லை என்பது 1990-களில் நடைபெற்ற ஆய்வுகளில் நிறுவப்பட்டது. புண்பட்ட இடத்தில் கொழுப்பு படிகிறது. குழாயின் சுவர் தடிக்கிறது. நன்மை செய்யும் வகைக் கொழுப்பு இரத்தத்தில் குறைகிறது. இரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும் தன்மையைப் பெறுகின்றன. பல ஆண்டுகளுக்குப் பின்னர், தடித்த அந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாய் அடைபடும்போது மாரடைப்போ பக்கவாதமோ ஏற்படுகிறது.

விபத்து முதலியவற்றில் உயிரிழந்த, 15 முதல் 34 வயதுக்குட்பட்டவர்களின் இரத்தக் குழாய்களை அமெரிக்க ஆய்வாளர்கள் விரிவாகப் பரிசோதித்தனர். பதின்வயதினரிடமே கொழுப்புக் கீற்றுகள் காணப்பட்டன. புகைத்தவர்களிடம், குறிப்பாக வயிற்றுப் பெருந்தமனியில், இத்தகைய மாற்றங்கள் மிகுதியாகவும் முற்றியும் இருந்தன. அவர்கள் எவரும் இதய நோய்க்காக மருத்துவரை நாடியவர்கள் அல்லர். நோய் ஓசையின்றி வளர்ந்துகொண்டிருந்தது.

இந்தியருக்கு இது மேலும் முக்கியமானது. முன்னர்க் குறிப்பிட்ட 52 நாடுகளின் ஆய்வில், தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு ஏற்படும் நடு வயது 53 ஆகவும், பிற நாட்டினருக்கு ஏறத்தாழ 59 ஆகவும் இருந்தது. ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வரும் இந்த நோய், பிள்ளைகளின் படிப்பும் திருமணமும் முடிவடையாத காலத்தில் குடும்பத் தலைவரைப் படுக்கையில் தள்ளுகிறது. அப்போது இழப்பு ஒருவரோடு நிற்பதில்லை.

இளம் வயது புகைப்போரைத் தாக்கும் மற்றொரு நோயும் உண்டு. 1908-ல் லியோ பர்கர் என்னும் மருத்துவர் விவரித்ததால் அவர் பெயராலேயே அது வழங்கப்படுகிறது. கை கால்களின் சிறிய, நடுத்தர இரத்தக் குழாய்கள் வீங்கி அடைபடுவதால், விரல்கள் கறுத்து அழுகும் நிலை ஏற்படுகிறது. பெரும்பாலும் 45 வயதுக்கு உட்பட்ட ஆண்களையே தாக்கும் இந்நோய், நம் நாட்டில் பீடி புகைக்கும் உழைப்பாளர்களிடையே காணப்படுகிறது. புகையிலையை அறவே விடுவதே நோய் பரவாமல் தடுக்கும் முதல் மருந்து. விடாதவர்கள் விரலையும், சில வேளைகளில் காலையும் இழக்கின்றனர்.

தவறான சமாதானங்கள்

'நாளைக்கு ஒன்று தானே' என்பது இளைஞர்கள் கூறும் முதல் சமாதானம். இதயத்தைப் பொறுத்தவரை இக்கணக்கு பொருந்துவதில்லை. 141 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான மதிப்பீட்டின்படி, நாளொன்றுக்கு ஒரு சிகரெட் மட்டுமே புகைப்பவருக்கும், 20 சிகரெட் புகைப்பவருக்கு ஏற்படும் கூடுதல் இதய நோய் அபாயத்தில் ஏறத்தாழப் பாதி உண்டு. இருபதில் ஒரு பங்கு அன்று, பாதி. புகையின் சிறு அளவே இரத்தக் குழாய்ச் சுவரையும் தட்டணுக்களையும் பாதிக்கப் போதுமானதாக இருப்பதே இதற்குக் காரணம்.

'உடற்பயிற்சி செய்தால் சரியாகிவிடும்' என்பது இரண்டாவது சமாதானம். பயிற்சி எல்லோருக்கும் நன்மையே செய்கிறது. ஆனால் அது கார்பன் மோனாக்சைடை நன்மையாக மாற்றுவதில்லை. புண்பட்ட குழாய்ச் சுவருக்கு முழுப் பாதுகாப்பும் அளிப்பதில்லை.

ஹூக்காவில் புகை நீரின் வழியாக வருவதால் தூய்மையடைகிறது என்று எண்ணுவோரும் உளர். நீர் புகையைக் குளிர்விக்கிறதே அன்றி, கார்பன் மோனாக்சைடை நீக்குவதில்லை. மின்னணு சிகரெட்டுகளும் நிக்கோட்டினைத் தருவனவே. அவற்றின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவை நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தடை செய்யப்பட்டுள்ளன. மெல்லும் புகையிலையில் புகை இல்லை. ஆனால் நிக்கோட்டின் உண்டு. எனவே இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்வதில் மாற்றம் இல்லை.

விட்டால் கிடைக்கும் பயன்

இளமையில் ஏற்படும் இழப்பில் ஒரு பகுதி மீளாதது. தடைப்பட்ட நுரையீரல் வளர்ச்சியை முழுமையாக ஈடுசெய்வது அரிது. ஆயினும் பெரும்பகுதி மீளக்கூடியது என்பதும், அந்த மீட்சி விரைவில் தொடங்குகிறது என்பதும் மாணவர்களுக்கு எடுத்துரைக்கப்பட வேண்டியவை. கடைசி சிகரெட்டுக்குப் பின் 20 நிமிடங்களில் நாடித் துடிப்பு குறையத் தொடங்குகிறது. ஓரிரு நாளில் இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு இயல்பான அளவை அடைகிறது. சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் இருமலும் இளைப்பும் குறைந்து, ஓடும் ஆற்றல் மேம்படுகிறது. ஓராண்டில் இதய நோயின் கூடுதல் அபாயம் ஏறத்தாழப் பாதியாகிறது.

1951-ல் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் பிரிட்டிஷ் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்த புகழ்பெற்ற ஆய்வின் முடிவு 2004-ல் வெளியாயிற்று. புகைப்பழக்கத்தைத் தொடர்ந்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தனர். 50 வயதில் விட்டவர்கள் அதில் சுமார் ஆறு ஆண்டுகளையும், 30 வயதில் விட்டவர்கள் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளையும் திரும்பப் பெற்றனர். விடும் வயது குறையக் குறைய மீட்சி கூடுகிறது.

ஆனால் விடுவது எளிதன்று. எரிச்சல், அமைதியின்மை, கவனச் சிதறல் ஆகியவை முதல் சில வாரங்களில் தோன்றும். இவை மனவலிமைக் குறைவின் அடையாளங்கள் அல்ல. நிக்கோட்டினுக்குப் பழகிய மூளையின் எதிர்வினைகள். இத்தகையவர்களுக்கு ஆலோசனை வழங்க, 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி உதவிச் சேவை 2016-ல் தொடங்கப்பட்டது. இந்த எண் 2018 முதல் புகையிலைப் பொருள்களின் உறைகளிலும் அச்சிடப்பட்டு வருகிறது.

சட்டம் அளிக்கும் பாதுகாப்பு

சிகரெட்டு உறைகளில் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கிய சட்டம் 1975-ல் இயற்றப்பட்டது. பொது இடங்களில் புகைப்பதற்கு எதிராகக் கேரள உயர் நீதிமன்றம் 1999-லும், உச்ச நீதிமன்றம் 2001-லும் ஆணைகள் பிறப்பித்தன. 2003-ல் நாடாளுமன்றம் இயற்றிய சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம் இவையனைத்தையும் விரிவுபடுத்தியது. அதன் நான்காவது பிரிவு பொது இடங்களில் புகைப்பதையும், ஐந்தாவது பிரிவு விளம்பரத்தையும் தடை செய்கின்றன. ஆறாவது பிரிவின்படி, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதும், கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கெஜ தூரத்திற்குள் விற்பதும் குற்றமாகும். கர்நாடகம் தன் திருத்தத்தின் மூலம் இவ்வயதை 21 ஆக உயர்த்தியுள்ளது. 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு இன்னும் கடுமையானது. சிறாருக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும், ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது வகை செய்கிறது.

சட்டம் இருப்பது ஒன்று, செயல்படுவது மற்றொன்று. பள்ளி வாயிலுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில் சிகரெட் ஒவ்வொன்றாகச் சில்லறையில் விற்கப்படும்போது, மூன்று பாதுகாப்புகள் ஒரே நேரத்தில் வீணாகின்றன. உறையிலுள்ள எச்சரிக்கைப் படம் மாணவரின் கண்ணில் படுவதில்லை. வரியினால் உயர்ந்த விலை அவரைத் தடுப்பதில்லை. வயது விசாரிக்கப்படுவதும் இல்லை. 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி, கல்வி நிறுவனத் தலைவரே தம் வளாகத்திற்குள் புகைப்பவருக்கு அபராதம் விதிக்க அதிகாரம் பெற்றவர். இந்த அதிகாரத்தைப் பல தலைமையாசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய அளவுக்கு அறிந்திருக்கவில்லை. பள்ளியைச் சுற்றி 100 கெஜ எல்லையை மஞ்சள் கோட்டால் குறிப்பதும், ஊராட்சியும் காவல் நிலையமும் பள்ளியும் இணைந்து அந்த எல்லைக்குள் உள்ள கடைகளைப் பார்வையிடுவதும் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை.

பள்ளியின் பங்கு

உடற்கல்வி ஆசிரியரின் பங்கு இதில் தனிச் சிறப்புடையது. புகையிலை எச்சரிக்கை இன்று பெரும்பாலும் அறிவியல் பாடத்திலும் சுவரொட்டியிலும் நின்றுவிடுகிறது. அதனை விளையாட்டுத் திடலுக்குக் கொண்டுவருதல் வேண்டும். மணிக்கட்டில் நாடியை எண்ணுவதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஓய்வு நிலைத் துடிப்பு, 600 மீட்டர் ஓட்ட நேரம், ஓடி முடித்தபின் நாடி இயல்பு நிலைக்குத் திரும்பும் நேரம் ஆகியவற்றை ஒவ்வொரு மாணவரும் பருவந்தோறும் தம் ஏட்டில் குறித்து வரலாம். தம் உடலைத் தாமே அளந்து பழகிய மாணவர், அதனைக் கெடுப்பது எது என்பதையும் தாமே உணர்வார்.

பழக்கத்திற்கு ஏற்கெனவே ஆட்பட்ட மாணவரிடம் தண்டனை பயன் தருவதில்லை. பள்ளியிலிருந்து விலக்கப்பட்டவர் புகையிலையிலிருந்து விலகுவதில்லை; அவர் கையில் அதிக நேரமும் அதிகத் தனிமையுமே சேர்கின்றன. அவரை ஆலோசனைக்கு அனுப்புவதும், விளையாட்டுக் குழுவில் தொடர்ந்து வைத்திருப்பதும், ஓட்ட நேரம் குறைவதைக் கண்டு பாராட்டுவதும் மேலானவை. ஆசிரியரும் பெற்றோரும் தாம் புகைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தடுப்பது இயலாது என்பதைத் தனியே கூற வேண்டியதில்லை.

2009-10-க்கும் 2016-17-க்கும் இடையே, நம் நாட்டில் 15 முதல் 17 வயதுக்குட்பட்டோரிடையே புகையிலைப் பயன்பாடு 10 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது. சட்டமும் வரியும் விழிப்புணர்வும் இணைந்து செயல்பட்டால் இளைஞர்களைக் காக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று. இனிச் செய்ய வேண்டியது, எஞ்சியுள்ளவர்களுக்கு அவர்கள் ஏற்கும் மொழியில் உண்மையைக் கூறுவதாகும். எதிர்காலத்தில் வரக்கூடிய நோயைப் பற்றி மட்டும் அன்றி, இன்று மாலை திடலில் இழக்கும் மூச்சைப் பற்றியும் பேச வேண்டும். அந்த மூச்சு அவர்களுடையது. அதனை நம்பியே அவர்களுடைய கல்வியும் வேலைவாய்ப்பும், நாளைய குடும்பமும் அமைந்துள்ளன.